விறாந்தையில் ஒரு தீவு: ஐந்து ஞாயிறு விளையாடிய அனுபவம்

சித்திரைப் புதுவருட லீவில் வீட்டில் ஒரு கதை விளையாட்டைத் தொடங்கினோம். ஐந்து ஞாயிற்றுக்கிழமை விளையாடிவிட்டோம். மறக்க முதல் எழுதி வைக்கிறேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாக இருப்போம். ஒருவர் மட்டும் நடத்துநர். "காற்று மாறிவிட்டது, வள்ளம் ஆடுகிறது, என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்யும் என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் தாயக்கட்டை உருட்டுவோம். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு மூத்தது. அதன் அடிப்படை விதிகளை 2023இலிருந்து யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். நானும் அதை வாசித்துத்தான் ஆரம்பித்தேன்.

முதல் ஞாயிறு சரிவரவில்லை. கோட்டை, டிராகன், புதையல் என்று கொப்பியில் பதினொரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். யாழ்ப்பாணம் கோண்டாவில் வீட்டு விறாந்தையில் பாய் விரித்துத் தங்கச்சி, மச்சான், பதின்மூன்று வயது மருமகள் மூவரும் இருந்தார்கள். நான் வாசித்தேன், அவர்கள் கேட்டார்கள். இடையில் மருமகள், "இப்ப நான் என்ன சொல்ல வேணும் மாமா?" என்றாள். மச்சானுக்கு வேறு கேள்வி: "இதில ஆர் வெல்லுறது?"

நியாயமான கேள்விதான். எங்கள் வீடு முன்னூற்றி நாலு என்கிற கடதாசி விளையாட்டு விளையாடுகிற வீடு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20 என்று கடதாசிக்குக் கடதாசி புள்ளி உண்டு, கடைசியில் எண்ணிப் பார்த்தால் வென்றது யார் என்று தெரிந்துவிடும். இங்கே எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அது பரவாயில்லை. ஆனால் அவர்கள் முடிவெடுக்கவும் ஒன்றும் இருக்கவில்லை. எல்லாவற்றையும் என் கொப்பி முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் கோட்டை வாசலைக்கூடத் தாண்டவில்லை.

அடுத்த ஞாயிறு கொப்பியை எடுக்கவே இல்லை. ஒரு பிறிஸ்டல் மட்டையைப் பாயில் விரித்து, நெடுந்தீவுக்கு மேற்கே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவின் கரையை மட்டும் பென்சிலால் கீறினேன். ஆளுக்கு ஒன்று வரைய வேண்டும், வரைந்ததைப் பற்றிப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றவர் அழிக்கக் கூடாது. இவ்வளவுதான் விதி. மருமகள் குதிரைகள் வரைந்தாள். தங்கச்சி பவளக்கல் வேலியும் ஒரு பூட்டிய வீடும் வரைந்து, "இந்த வீட்டுத் திறப்பு ஆரிட்ட இருக்கு?" என்று மச்சானிடம் கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "என்னட்டத்தான்," என்றார். அதற்குப் பிறகு அவர் வெற்றி தோல்வி பற்றிக் கேட்கவில்லை.

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா அப்போதுதான் வாய் திறந்தார். "தம்பி, உந்தத் தீவில நல்லதண்ணி எங்கால?"

அம்மா பிறந்தது நெடுந்தீவில். சுண்ணக்கல் நிலத்தில் மழைத்தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படையாக நிற்கும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழேயிருந்து உவர் ஏறிவிடும் என்பது அவருக்கு யாரும் படிப்பித்துத் தெரிந்ததல்ல. அவரே பாயில் வந்து இருந்து ஒரு கிணறு வரைந்தார். நான் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டாகப் பிரித்தேன். யாராவது கூடுதலாக இறைத்தால் ஒரு துண்டைக் கறுப்பாக்குவோம். ஆறும் கறுத்தால் கிணறு உவர். பதினொரு பக்கத்தில் நான் கொண்டுவர முடியாத பதற்றம் அந்த ஒரு வட்டத்தில் இருக்கிறது.

உருட்டுவதற்கு லூடோப் பெட்டியில் இருந்த இரண்டு கட்டைகளே போதும். வின்சென்ட் பேக்கரும் மெகுவே பேக்கரும் 2010இல் கொண்டுவந்த அப்போகலிப்ஸ் வேர்ல்ட் என்ற இதே வகை விளையாட்டின் முறையை எடுத்துக்கொண்டேன். கூட்டி 10 அல்லது மேலே வந்தால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒன்றை இழக்க வேண்டும். 6 அல்லது கீழே என்றால் நிலைமை மோசமாகும். மொத்தம் 36 விதமாக விழலாம். அதில் 6 முழு வெற்றி, 15 நடுத்தரம், 15 தோல்வி. திறமைக்கு ஒன்று கூட்டிக்கொண்டால் 10, 16, 10 என்று மாறும். ஆகவே கதையில் அடிக்கடி வருவது அந்த "ஆனால்"தான்.

இரவில் கடல் கடக்க மருமகள் உருட்டினாள். 8. "கரைக்கு வந்துவிட்டாய், ஆனால் எதை இழந்தாய்?" இதற்கு நான் பதில் சொல்லாமல் மற்றவர்களைப் பார்த்தேன். "மண்ணெண்ணெய் முடிஞ்சுது எண்டு போடு," என்றார் அம்மா. விளக்கில்லாத கரை, எங்கோ குதிரை கனைக்கிறது, கையில் மச்சானுடைய திறப்பு. அந்தக் கேள்வியைத் தவிர, அந்தக் காட்சியில் நான் சொன்னது ஒரு வசனம்கூட இல்லை.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எங்கள் ஊரில் எந்தக் கதையும் சட்டென்று வேறு இடத்துக்குப் போய்விடக்கூடும். அதனால் ஷெல், சோதனைச்சாவடி, காணாமல் போனவர்கள் இந்தத் தீவில் இல்லை என்று தொடக்கத்திலேயே பேசி வைத்திருந்தோம். கூடவே, பெருக்கல் குறி போட்ட ஓர் அட்டையை நடுவில் வைத்திருந்தோம். ஜோன் ஸ்டவ்ரோபூலோஸ் என்பவர் உருவாக்கிய வழி இது. அட்டையை யாராவது தொட்டால் காட்சியை மாற்ற வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மூன்றாம் ஞாயிறு, இரவோடிரவாகச் சனம் மூட்டையோடு கரைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன். தங்கச்சி அட்டையைத் தொட்டாள். 95ஆம் ஆண்டு யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது அவள் சின்னப்பிள்ளை. நான் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, மூட்டை இல்லை. பகல் வெளிச்சம். திருவிழாவுக்கு வள்ளங்கள் வருகின்றன," என்று மாற்றினேன். மருமகள் உடனே மேளச் சத்தம் போட்டாள். தங்கச்சி சிரித்துக்கொண்டே, எங்கள் தீவுக் கோயிலைப் படத்தில் வரையத் தொடங்கினாள். அந்த அட்டை இல்லாமல் இனி நான் இந்த விளையாட்டை நடத்த மாட்டேன்.

நான்காம் ஞாயிறு கரண்ட் போனதால் பாதியில் நின்றது. ஐந்தாவதில் பூட்டிய வீடு திறந்தது. உள்ளே என்ன என்று சொன்னவர் மச்சான், அதை மருமகள் தன் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள்.

வட்டத்தில் இப்போது ஐந்து துண்டு கறுப்பு. திருவிழாவுக்கு வந்த வள்ளங்கள் இன்னும் கரையில்தான் நிற்கின்றன, வந்தவர்களுக்கும் தண்ணீர் வேண்டும். அடுத்த ஞாயிறுக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. நேற்று ரீ ஊற்றிக்கொண்டு நிற்கும்போது அம்மா கேட்டார்: "தம்பி, பங்குக் கிணறு மாதிரி முறை வைச்சு இறைக்கலாமோ?"