12 கேட்டால் 8 வந்தது: சிவிக்குக்கு ஹெடர் செய்த கதை

எஞ்சினில் இருந்து புகையை வெளியே கொண்டுபோகிற குழாய்க்கூட்டம்தான் ஹெடர். நாங்கள் செய்த ஹெடர் இப்போது லீக் இல்லாமல் நிற்கிறது. புகைப் பரிசோதனையிலும் கார் பாஸ். என்றாலும் கொழும்பில் லேசரில் தகடு வெட்டித் தந்த கடைக்காரர் மேல் எனக்கு இருக்கிற கோபம் ஆறவில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள், அதைத் தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

கார் மச்சானுடையது. ஈகே3 சிவிக், டி15பி வீடெக் எஞ்சின். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி வரை முடங்கிக் கிடந்ததில், இருபத்தைந்து வயதான சிவிக்குகளைத்தான் எல்லோரும் பிடித்து வைத்துத் திருத்துகிறார்கள். வெளியில் செய்த ஹெடர்கள் இதற்குக் கிடைக்கும். போட்டவர்களின் காரைக் குனிந்து பார்த்தோம். ஒன்றில் குழாய் ஏசி கொம்பிரசரோடு உரசிக்கொண்டு நின்றது. இன்னொருவர் ஏசியையே கழற்றிவிட்டார். சித்திரை வெயிலில் யாழ்ப்பாணத்தில் ஏசி இல்லாமல் கார் ஓட்ட மச்சானுக்கு என்ன விசரா? போதாக்குறைக்கு எங்கள் ஒழுங்கைகள். ஒயில் பானுக்குக் கீழே தொங்குகிற எதுவும் ஒரு மாரி தாங்காது. ஏசி இருக்க வேண்டும், நிலத்தில் தட்டக் கூடாது, புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிஸ்ட்டும் கொம்பனிச் சைலன்சரும் அப்படியே இருக்க வேண்டும். இதற்குள் அடங்குகிற ஒரு 4-2-1 ஹெடர் (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேருவது), அதையும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் செய்து விற்கக்கூடியதாக. இதுதான் எங்கள் திட்டம்.

வடிவமைப்பு சுகமாகத்தான் போனது. எஞ்சினின் நாலு சிலிண்டரும் 1-3-4-2 ஒழுங்கில் வெடிப்பதால் 1உம் 4உம் ஒரு சோடி, 2உம் 3உம் ஒரு சோடி. பிளாஸ்டிக் குழாயை வெட்டி ஒட்டி, ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவால் இறக்கி, இடம் பிடித்தாயிற்று. புகையில் மிச்சமிருக்கிற ஒட்சிசனை அளந்து கொம்பியூட்டருக்குச் சொல்கிற ஒட்சிசன் சென்சர் பூட்டுகிற எம்18, 1.5 புரி வளையத்தைக் கொக்குவில் பக்கம் ஒரு லேத் பட்டறையில் பார்த்துக்கொண்டிருக்கவே கடைந்து தந்தார்கள்.

குழாயில்தான் முதல் குத்து. எங்களுக்கு வேண்டியது 304 ரக ஸ்டெயின்லெஸ். "304தான் தம்பி, காந்தம் வச்சுப் பாருங்கோ" என்று கடையில் காந்தத்தையே கையில் தந்தார்கள். ஒட்டவில்லை. ஆனால் 201 ரக ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டாது! அதில் நிக்கல் குறைவு, மங்கனீசு கூட. கேற்றுக்குச் சமாளிக்கலாம். சூட்டுக்கும் கடற்காற்றுக்கும் நடுவில் ஹெடராக நிற்காது. சோதித்துப் பார்த்த துண்டு, முற்றத்தில் கிடந்த சில நாட்களிலேயே வெட்டிய முனையில் துருக் கோடு விட்டுவிட்டது. மங்கனீசைக் காட்டுகிற சோதனைத் திரவம் விற்கிறார்கள். ஒரு துளி விட்டால் 201 சிவந்து காட்டிவிடும். குழாய் வாங்கப் போகும்போது அந்தப் போத்தலைச் சட்டைப் பையில் வைத்திருங்கள். கடைக்காரர் முகம் மாறும், பரவாயில்லை.

டிக் வெல்டிங் (ஆகன் வாயு விட்டு ஒட்டுவது) தெரிந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் குறைவில்லை. வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளுக்கெல்லாம் ஸ்டெயின்லெஸ் கேற்றும் படிக்கட்டுக் கைபிடியும் செய்து கை பழகியவர்கள். வெளியில் ஒட்டு அவ்வளவு வடிவாக விழும். குழாயை நறுக்கி உள்ளே பார்த்தால் கருகிய சீனிப்பாகு மாதிரிக் கிடக்கும். உள்பக்கத்திலும் ஆகன் வாயுவை நிரப்பாமல் ஒட்டினால் அப்படித்தான் வரும். கைபிடிக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்? ஹெடரில் அது புகையோட்டத்தைத் தடுக்கும், வெடிப்பும் அந்த இடத்தில்தான் தொடங்கும். "ஆகன் விக்கிற விலைக்கு உள்ளுக்கையும் விட ஏலுமே தம்பி?" என்றார் எங்களுக்கு ஒட்டித் தந்த அண்ணை. குழாயின் இரண்டு முனையையும் அலுமினியத் தாளாலும் டேப்பாலும் அடைத்து, ஒரு பக்கம் சின்னத் துளை விட்டு, மெல்லிய ஓட்டத்தில் வாயுவை விட்டுக் காட்டினோம். நறுக்கிப் பார்த்தால் உள்ளேயும் பளிச்சென்று இருந்தது. அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குழாய்க்கு அவரே டேப்பைத் தேடினார்.

சரி, இனிக் கொழும்புக் கதை. எஞ்சின் தலையோடு பூட்டுகிற ஃபிளாஞ்ச் தகட்டைக் கையால் வெட்டினால் ஒன்று போல் ஒன்று வராது. அதனால் லேசர். படத்தை அனுப்பி, 12 மில்லிமீற்றர் இரும்பு என்று எழுதி, தொலைபேசியிலும் சொல்லி, முழுக் காசையும் முன்பணமாகக் கட்டினோம். இரவு பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். விடியப் போய் எடுத்து வந்து, கனம் அளக்கிற கலிப்பர் வைத்தால் 8. பில்லில் மட்டும் 12.

அழைத்தேன். "12 முடிஞ்சு போச்சு தம்பி, 8உம் நல்ல கனம்தான், ஒண்ணும் ஆகாது" என்றார். 12இன் காசை எடுத்தீர்களே என்றால், வெட்டுக்கூலி இரண்டுக்கும் ஒன்றாம். திருப்பி எடுக்க மாட்டார். புதிதாக வெட்ட, தகடு வந்ததும் அழைப்பாராம். அந்த அழைப்பு வரவேயில்லை. வெல்டர் அண்ணை எங்களுக்காக ஒதுக்கிய நாட்களும் போய்க்கொண்டிருந்ததால், முதல் மாதிரியை அந்த 8இலேயே ஒட்டச் சொன்னோம்.

ஸ்டெயின்லெஸ் குழாயை இரும்புத் தகட்டோடு ஒட்டும்போது இரண்டுக்கும் இடையில் இழுபறி இருக்கிறது. சூட்டில் 304 ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கூட விரியும். 600 மில்லிமீற்றர் குழாய் 500 பாகை சூடேறினால் 5 மில்லிமீற்றர் நீளும். அந்த நீட்சியைத் தாங்க, கீழே வளைந்து கொடுக்கிற ஃபிளெக்ஸ் துண்டு ஒன்று கட்டாயம் வேண்டும். ஒட்டுகம்பியும் 309 ஆக இருக்க வேண்டும். கேற்றுக்காரர்களிடம் இருப்பது 308. "எல்லாம் ஒண்டுதான்" என்று கடையில் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

8 மில்லிமீற்றர் தகடு ஒட்டின சூட்டில் வாழைப்பழமாக வளைந்துவிட்டது. நேர்விளிம்பை வைத்தால் நடுவில், இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தாராளமாக உள்ளே போகிறது. லேத்தில் முகத்தைச் சீவலாம் என்றால், சீவ எங்கே கனம் இருக்கிறது? கொஞ்சம் சீவி, புது கேஸ்கட் வைத்துப் பூட்டினோம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் டிக் டிக் என்று சத்தம், சூடேறியதும் நின்றுவிடும். வரிப்பத்திரம் புதுப்பிக்கிற நாள் நெருங்கியதால் அப்படியே புகைப் பரிசோதனைக்குப் போனோம்.

சும்மா நிற்கும் வேகத்திலேயே காபனோரொட்சைட்டு எகிறிவிட்டது. அங்கே இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெடர் போட்ட கார் பாஸ் ஆகாது, பழசைப் பூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். எங்களுக்குப் பின்னால் நின்ற ஓட்டோக்காரர் வரைக்கும் தலையாட்டினார்கள். அது பச்சைப் பொய். ஃபிளாஞ்ச் லீக்கால் வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது, சென்சர் அதைப் பார்த்து பெற்றோல் போதவில்லை என்று நினைக்கிறது, கொம்பியூட்டர் இன்னும் பெற்றோலை ஊற்றுகிறது. குற்றம் ஹெடருடையது இல்லை, காணாமல் போன அந்த 4 மில்லிமீற்றருடையது. இதை அவருக்கு விளக்கப் போய் வரிசையில் நின்றவர்களின் முறைப்புத்தான் மிச்சம்.

அப்புறம் வேறு கடையில், பில் எழுத முன் தகட்டைக் கலிப்பரோடு படமெடுத்து அனுப்பச் சொல்லி, 12இலேயே வெட்டுவித்தோம். இந்த முறை 25 மில்லிமீற்றர் இரும்புப் பாளத்தில் ஸ்டட் துளைகளைப் போட்டு, ஃபிளாஞ்சை அதில் இறுக்கிப் பூட்டித்தான் ஒட்டினார் அண்ணை. ஆறும்வரை கழற்ற விடவில்லை. பிறகு முகத்தைச் சீவியாயிற்று. லீக் பார்க்க ஒரு மலிவான வழி: சைலன்சர் முனையில் புளோவரைப் பிடித்து ஊதிக்கொண்டு, ஃபிளாஞ்சில் சவர்க்காரத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் லீக். எங்களுக்கு ஒரு குமிழியும் வரவில்லை. அதே பரிசோதனை நிலையம், அதே ஹெடர் வடிவம், அதே ஆள், பாஸ். அவர் சான்றிதழைத் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதும்.

சென்சர் வளையத்தைக் குழாயின் கீழ்ப்பக்கத்தில் ஒட்ட விடாதீர்கள். குளிர்ந்த எஞ்சினில் சேர்கிற தண்ணீர் சென்சரில் தேங்கி அதைக் கொன்றுவிடும். மேல்பக்கமாகச் சாய்ந்து நிற்க வேண்டும்.

குதிரைவலு அளக்கிற டைனோவுக்குக் கொழும்புதான், 400 கிலோமீற்றர் போல ஓட்டம். ஹெடருக்கு முன் காரில் இருந்த கொம்பனி மனிஃபோல்டையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய், ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில் இரண்டையும் மாற்றிப் பூட்டி அளந்தோம். வேறு வேறு நாள் எடுத்த தாள்களை ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை. புதிதில் 130 குதிரை என்று வந்த எஞ்சின் இது. எங்களுக்குச் சக்கரத்தில் கூடியது ஒற்றை இலக்கம். நடுச் சுற்றுகளில் இழுவை கூடியது காரில் இருந்தவர்களுக்கே தெரிந்தது. ஹெடர் மட்டும் போட்டு இருபது குதிரை கூடும் என்று யாராவது விற்றால், அவரிடம் முன்பின் தாள் கேளுங்கள்.

2025 ஜனவரியில் பொலிசார் சத்தமான சைலன்சர்களையும் மேலதிகப் பூட்டல்களையும் கழற்றவைக்கத் தொடங்கியதும், எங்களிடம் ஓடர் தருவதாகச் சொன்னவர்கள் சிலர் தொலைபேசியை எடுக்கவில்லை. கொம்பனிச் சைலன்சரை வைத்து இந்தக் காரின் சத்தத்தைக் கேட்டபிறகு ஓரிருவர் திரும்பி வந்திருக்கிறார்கள். வேறு எஞ்சினுக்குக் கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அதற்குப் பாளம், தகடு, குழாய் வளைவு எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்; அதற்கான காசு எங்களிடம் இப்போதைக்கு இல்லை.