கச்சேரியை நம்பிக் குடும்பம் நடத்த முடியுமா?

மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர வரும் இளைஞர்கள் பலர், "அண்ணா, இதை மட்டும் நம்பி இருக்கலாமா?" என்று கேட்கிறார்கள். மதுரை வட்டாரத்தில் பல குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தவன் நான். இப்போது ஒரு குழுவின் கணக்கு வழக்கையும் பார்த்துக்கொள்கிறேன். இருக்கலாம் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன். கூடவே, சேரப்போகும் குழுவில் ஒலிபெருக்கி யாருடையது, கச்சேரி பேசுவது யார் என்பதை முதலில் விசாரிக்கச் சொல்கிறேன்.

ஒரு கிராமத் திருவிழாவுக்கு 60,000 ரூபாய் பேசியிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒலி, ஒளி அமைப்பின் வாடகை 15,000. வேன் 7,000. கச்சேரியைப் பிடித்துக்கொடுத்த ஏஜென்டுக்கு 6,000. சாப்பாடு, டீ 2,000. பாதி போய்விட்டது. முன்னணிப் பாடகர்கள் இருவருக்கு ஆளுக்கு 4,000, மீதிப் பத்துப் பேருக்கு ஆளுக்கு 2,000 கொடுத்தால் கையில் நிற்பது 2,000. இதைப் பார்த்துவிட்டு, குழு நடத்துபவருக்கு ஒன்றுமே மிஞ்சவில்லை என்று இரக்கப்பட வேண்டியதில்லை. ஒலி அமைப்பு அவருடையதாக இருந்தால் அந்த 15,000 அவரிடமே வருகிறது. வேனும் சொந்தம் என்றால் இன்னும் கொஞ்சம். நல்ல நிலையில் இருப்பதாக எனக்குத் தெரிந்த குழுத் தலைவர்கள் எல்லோரும் கருவிகளை வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தவர்கள். வாசிப்பவனுக்கு வருவது அந்த இரவின் கூலி மட்டுமே. ஒத்திகை நாளுக்குப் பெரும்பாலும் காசு கிடையாது.

ஒரு இரவுக்கு 2,000 என்றால் மாதம் முழுவதும் வாசித்தால் எவ்வளவு என்று பெருக்கிப் பார்க்கத் தோன்றும். நாள்காட்டி அதற்கு இடம் கொடுப்பதில்லை. மாசியில் தொடங்கி வைகாசி வரை கோயில் கொடை விழாக்களும் தேர்த் திருவிழாக்களும் வரும். பங்குனி, சித்திரையில் தொடர்ந்து பல இரவுகள் வேனிலேயே தூங்கியிருக்கிறோம். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் அம்மன் கோயில்கள் காப்பாற்றிவிடும். புரட்டாசியில் கல்யாண வரவேற்புகளும் குறைந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. திறந்தவெளி மேடையை யாரும் யோசிக்கமாட்டார்கள். மார்கழியில் சென்னை சபாக்கள் நிறைந்து வழியும், ஆனால் அது கர்நாடக இசைக்காரர்களின் மாதம். எங்களுக்கு அப்போது தேவாலய விழாக்களும் டிசம்பர் 31 இரவின் ஹோட்டல் நிகழ்ச்சியும்தான். ஆகவே நல்ல மாதங்களில் சேர்த்து வைப்பதை மழை மாதங்கள் தின்றுவிடுகின்றன. வீட்டு வாடகைக்குப் பருவம் தெரியாதே!

தென்மாவட்டங்களில் ஒரு காலத்தில் கச்சேரி இரவு பத்து மணிக்கு மேல் களைகட்டும். விடிய விடிய நடக்கும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை விதித்தன. 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஊரில் நோயாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். எனினும் அதன் பிறகு, மூன்று மணி நேரம் பாடுவதற்கு இவ்வளவு தொகையா என்று விழாக் கமிட்டிகள் பேரம் பேசத் தொடங்கின. வேன் ஓடும் தூரமும் நாங்கள் கண்விழிக்கும் நேரமும் அவர்கள் கணக்கில் சேர்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பங்குனி பாதிகூட முடியவில்லை. அடுத்த ஆண்டும் ஏப்ரலிலேயே கட்டுப்பாடுகள் திரும்ப வந்தன. அடுத்தடுத்து இரண்டு பருவங்கள் போயின. கீபோர்டை விற்றவர்களையும், காய்கறி வண்டி ஓட்டப் போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் மேடைக்குத் திரும்பவே இல்லை. அருமையாகத் தபேலா வாசித்த ஒருவரை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

சரி, பதிவு செய்த பாட்டிலிருந்து வருமானம் வராதா? கேசட் காலத்தில் ஆடிக்கு முன்பே அம்மன் பாடல் தொகுப்புகள் தயாராகும். சின்ன ஸ்டூடியோவில் ஒரே நாளில் நான்கைந்து பாட்டு வாசித்துவிட்டு, கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வருவோம். ரசீது இருக்காது, உறையில் பெயர் இருக்காது. கேசட் ஊர் ஊராக ஒலித்தாலும் எங்களுக்கு மறு காசு கிடையாது. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டி பங்கை, அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரவேண்டிய தொகையை, எழுதிக்கொடுத்து இழந்துவிடாதபடி பாதுகாத்தார்கள். நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் வணிகப் பயன்பாட்டில் ராயல்டி உரிமை உண்டு என்று அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் நான் வாசித்தேன் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாதபோது எந்த உரிமையைக் கேட்பது?

கோடம்பாக்கம் ஒரு வழியாக இருந்தது. 1980களின் திரைப்பாடல்களுக்கு வயலின்காரர்கள் மட்டுமே வரிசை வரிசையாக உட்கார்ந்து வாசித்தார்கள். மாவட்டக் குழுக்களில் தேறியவர்கள் சென்னைக்குப் போய்க் கால்ஷீட் அடிப்படையில், அதாவது ஒரு பதிவு வேளைக்கு இவ்வளவு என்று, வேலை பார்த்தார்கள். 90களில் கணினியும் கீபோர்டும் அந்த இருக்கைகளில் பலவற்றை எடுத்துக்கொண்டன.

இப்போது மேடையில் நாங்கள் வாசிப்பதைக் காணொளியாக வெளியிடுகிறோம். திரைப்பாடல் என்பதால் விளம்பர வருவாய் பாடலின் உரிமையாளருக்குப் போய்விடுகிறது. அது நியாயம்தான். சொந்தப் பாட்டு போட்டால்? இணையத்தில் பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2019இல் இந்தியாவுக்கு வந்தது. 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டின் ஒலிப்பதிவுக்கு ராயல்டியே கிடையாது என்று விதி வைத்திருக்கிறது. எங்களைப் போன்ற குழுவின் சொந்தப் பாட்டு அந்த எண்ணைத் தொடுவதே பெரும்பாடு. ஆனாலும் காணொளி வீண் இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கமிட்டிக்காரர்கள் போன் செய்கிறார்கள்.

டெல்லியில் 1990இல் தொடங்கிய இந்தியன் ஓஷன் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பாட்டையே பாடிப் பேர் வாங்கியவர்கள் அவர்கள். 2010இல் புதிய தொகுப்பின் பாடல்களை மாதம் ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். மேடை சோறு போடும் என்ற நம்பிக்கை உள்ள குழுவால்தான் அப்படிக் கொடுக்க முடியும். ஆனால் அவர்களைப் பெயருக்காகவே அழைக்கிறார்கள். எங்களை அழைப்பவர்களுக்கு வேண்டியது பழைய பாட்டும் குறைந்த தொகையும்.

அதனால் எங்கள் குழுவில் நிரந்தரமாக வாசிக்கும் நால்வர் சேர்ந்து, கடன் வாங்கி, ஒலி அமைப்பைச் சொந்தமாக்கிக்கொண்டோம். வாடகைப் பணம் பொதுவில் சேர்கிறது. அதிலிருந்து தவணை கட்டுகிறோம், ஒத்திகைக்கும் சிறு தொகை கொடுக்கிறோம். சொந்தப் பாட்டு பதிவு செய்தால் யார் எதை வாசித்தார்கள், யாருக்கு எத்தனை பங்கு என்று அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். மழை மாதங்களில் மண்டபக் கூட்டங்களுக்கு ஒலி அமைப்பை வாடகைக்கு விடுகிறோம். நான் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். இவை எல்லாம் சேர்ந்துதான் என் வீட்டை நடத்துகின்றன. அதில் பாதிக்கு மேல் இன்னும் கச்சேரிப் பணம்தான்.