என்ன செய்வார்கள், என்ன செய்ய முடியும்

உலகச் செய்திப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவன் என்று தெரிந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "சார், மூன்றாம் உலகப் போர் வருமா?" என்பதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதில் சொல்ல ஆரம்பித்தால் நான் ஜோசியக்காரனாகிவிடுவேன். தொலைக்காட்சி விவாதங்களில் பாதி நேரம் ஓடுவதே இப்படித்தான். புதின் என்ன நினைக்கிறார், ட்ரம்ப் மனதில் என்ன இருக்கிறது, ஷி ஜின்பிங்கின் அடுத்த திட்டம் என்ன என்று, மூவரின் தலைக்குள்ளும் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர்களைப் போல ஆளாளுக்குப் பேசுவார்கள்.

இந்த டெஸ்க்கில் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கு வேறொரு பழக்கம் படிந்துவிட்டது. ஒரு தலைவர் என்ன செய்வார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு, அவரால் என்ன செய்ய முடியும், அதற்கு யாருடைய சம்மதம் வேண்டும், கையில் படை எவ்வளவு, பணம் எவ்வளவு என்று பார்ப்பேன். சுவாரசியம் குறைவுதான். ஆனால் எழுதியதை மறுநாள் காலையில் தைரியமாக எடுத்துப் படிக்கலாம்.

2022 நவம்பர் 15-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அன்று உக்ரைன் நகரங்கள் மீது ரஷ்யா சரமாரியாக ஏவுகணைகளை வீசியது. அதே நேரத்தில், எல்லையை ஒட்டிய பிஷெவோடூஃப் என்ற போலந்து கிராமத்தில் ஏதோ விழுந்து வெடித்தது, இருவர் இறந்தார்கள். போலந்து, அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த நேட்டோ ராணுவக் கூட்டணியின் உறுப்பு நாடு. கேட்க வேண்டுமா? பெயர் சொல்லாத அமெரிக்க உளவுத்துறை அதிகாரி ஒருவரை மேற்கோள் காட்டி, ரஷ்ய ஏவுகணைகள் போலந்துக்குள் விழுந்தன என்று ஒரு செய்தி ஏஜென்சி பிளாஷ் போட்டது.

ஏஜென்சி காப்பி, அதாவது அவர்கள் அனுப்புகிற செய்தி, எப்படி வரும் என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் ஒரே ஒரு வரி. சில நிமிடங்களில் இரண்டு பத்தி. அப்புறம் பின்னணியெல்லாம் ஒட்டிய நீளமான காப்பி. அப்புறம் திருத்தம், திருத்தத்துக்கும் திருத்தம். நான் முதலில் பார்ப்பது அந்த ஒற்றை வரியின் வாலைத்தான். யார் சொன்னது? அரசா, ராணுவமா, 'விவரம் அறிந்த வட்டாரமா', நேரில் பார்த்த நிருபரா? தலைப்புக்கு இடம் பத்தாதபோது முதலில் வெட்டுப்படுவதும் இந்த வால்தான். அது போனதும், யாரோ ஒருவர் சொன்னது நடந்தே விட்டதாக மாறிவிடும்.

அன்று ராத்திரி எல்லோரும் நேட்டோ ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைப் பிடித்துக்கொண்டார்கள். ஓர் உறுப்பு நாட்டைத் தாக்கினால் எல்லோரையும் தாக்கியதாகக் கருதப்படும் என்கிற பிரிவு. அதோடு நின்றுவிடாமல் அடுத்த பாதியையும் படித்தால், ஒவ்வொரு நாடும் தனக்கு அவசியம் என்று படுகிற நடவடிக்கையை எடுக்கும் என்று இருக்கும். ராணுவத்தை அனுப்பலாம், அனுப்பாமலும் இருக்கலாம். நேட்டோ வரலாற்றிலேயே இந்தப் பிரிவைக் கையில் எடுத்தது ஒரே ஒரு முறை, 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு. அன்று போலந்து அரசு யோசித்துக்கொண்டிருந்ததோ நான்காம் பிரிவைப் பற்றி. அது கூடிப் பேசுவதற்கான பிரிவு. மறுநாள், விழுந்தது அநேகமாக உக்ரைனின் வான் பாதுகாப்பு ஏவுகணை என்று போலந்து அதிபர் துதாவும் நேட்டோ பொதுச்செயலர் ஸ்டோல்டென்பெர்க்கும் சொன்னார்கள். அந்த ஏஜென்சி தன் செய்தியைத் திரும்பப் பெற்றது. இரவெல்லாம் உலகப் போர் நடத்தியவர்கள் காலையில் வேறு தலைப்புக்குப் போய்விட்டார்கள்.

ஐ.நா. வாக்கெடுப்புச் செய்தி வந்தால் என் சக ஊழியர்கள் கொட்டாவி விடுவார்கள். எனக்கு அதில் தனி ஆசை. உக்ரைன் போர் தொடங்கிய மறுநாள், 2022 பிப்ரவரி 25 அன்று, பாதுகாப்பு கவுன்சிலில் ரஷ்யாவைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. 11 நாடுகள் ஆதரவு. சீனா, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் வாக்களிக்கவில்லை. ரஷ்யா தன் வீட்டோ அதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டது. அந்த மாதம் கவுன்சிலுக்குத் தலைமை வகித்ததும் ரஷ்யாதான். பலரும் அதோடு கதை முடிந்தது என்று எழுதிவிட்டார்கள். இரண்டே நாளில் அதே கவுன்சில், விஷயத்தைப் பொதுச்சபையின் அவசரச் சிறப்புக் கூட்டத்துக்கு அனுப்பியது. 1950-இல் வந்த ஒரு தீர்மானம் அதற்கு வழி வைத்திருக்கிறது. அப்படி அனுப்புவது நடைமுறை சார்ந்த முடிவு என்பதால் அதில் வீட்டோ செல்லாது. ரஷ்யா எதிர்த்து வாக்களித்தும் தடுக்க முடியவில்லை.

மார்ச் 2 அன்று பொதுச்சபையில் 141 நாடுகள் ஆதரித்தன, 5 எதிர்த்தன, 35 நடுநிலை வகித்தன. கூட்டிப் பார்த்தால் 181 வரும். உறுப்பு நாடுகளோ 193. மீதி 12 நாடுகள் எங்கே போயின? வெனிசுலா அதில் ஒன்று. ரஷ்யாவின் நட்பு நாடு, ஆனால் ஐ.நா.வுக்குக் கட்ட வேண்டிய சந்தா பாக்கி இருந்ததால் அப்போது அதற்கு வாக்குரிமையே இல்லை! எத்தனை நிபுணர்கள் உட்கார்ந்து பேசினாலும் இப்படி ஒரு விஷயம் கிடைக்காது. பட்டியலைப் படித்தால்தான் கிடைக்கும். பொதுச்சபைத் தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். 141 என்ற எண்ணைப் பார்த்ததும் அந்த வரியை எழுத யாருக்கும் மனசு வராது.

சிரியா இன்னொரு ரகம். உள்நாட்டுப் போரால் ஒதுக்கி வைத்திருந்த சிரிய அதிபர் அசாதை 2023 மே மாதம் அரபு லீக் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஜெட்டா உச்சிமாநாட்டில் மற்ற தலைவர்களோடு அவரும் உட்கார்ந்திருந்தார். போரில் அவர் ஜெயித்தாயிற்று என்பது அன்றைக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட முடிவு. 2024 நவம்பர் 27 அன்று வடமேற்கிலிருந்து கிளர்ச்சிப் படை கிளம்பியது. டிசம்பர் 8 அன்று டமாஸ்கஸ் விழுந்தது, அசாத் மாஸ்கோவுக்குப் பறந்துவிட்டார்.

யாருமே கணிக்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டுக் கட்டுரைகள் வந்தன. கணிக்காததை நான் குற்றமாக நினைக்கவில்லை. எனக்கு உறுத்தியது வேறு. அசாதைத் தாங்கி நின்றவை மூன்று: ரஷ்ய விமானப்படை, ஈரான், லெபனானின் ஹிஸ்புல்லா இயக்கம். ரஷ்யாவின் கவனமும் படையும் உக்ரைனில் சிக்கியிருந்த செய்தி தினமும் வந்தது. லெபனானில் இஸ்ரேலின் தாக்குதலில் ஹிஸ்புல்லா தலைவர் நஸ்ரல்லாவே கொல்லப்பட்ட செய்தி முதல் பக்கத்தில் வந்தது. ஈரானும் அடி வாங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் வெளிப்படையாக அச்சான செய்திகள்தான். ஆனால் ஒன்று உக்ரைன் போர் என்ற தலைப்பில், இன்னொன்று லெபனான் என்ற தலைப்பில், தனித்தனியாகக் கிடந்தன. அசாதின் கையில் மிச்சம் என்ன இருக்கிறது என்ற ஒற்றைக் கேள்வியின் கீழ் அவற்றை யாரும் கொண்டுவந்து சேர்க்கவில்லை. சேர்த்திருந்தாலும் தேதி சொல்லியிருக்க முடியாது. இந்த ஆட்சி பலமாக இருக்கிறது என்ற வரியையாவது எழுதாமல் இருந்திருப்பார்கள்.

சூடான் என் பழக்கத்துக்கே சவால் விடுகிற செய்தி. 2023 ஏப்ரல் 15 அன்று ராணுவத்துக்கும் ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைக்கும் இடையே தொடங்கிய போர், ஒரு கோடிக்கும் அதிகமானவர்களை வீட்டை விட்டு விரட்டியிருக்கிறது. அதைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்டவர்கள் அபூர்வம். 2024 ஜூன் 13 அன்று, டார்ஃபூர் பகுதியில் உள்ள எல் ஃபாஷர் நகர முற்றுகையை ஆர்.எஸ்.எஃப். படை நிறுத்த வேண்டும் என்று பாதுகாப்பு கவுன்சில் தீர்மானம் போட்டது. 14 வாக்குகள் ஆதரவு, ரஷ்யா நடுநிலை, வீட்டோ இல்லை. விதிப்படி எல்லாம் சரியாக நடந்தது. முற்றுகை மட்டும் நிற்கவில்லை. டார்ஃபூருக்குள் ஆயுதம் போகக் கூடாது என்ற ஐ.நா. தடை 2004-லிருந்தே இருக்கிறது. ஆர்.எஸ்.எஃப். படைக்கு அமீரகம்தான் ஆயுதம் தருகிறது என்று சூடான் அரசு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது, அமீரகம் மறுத்தது. தனக்கு விசாரிக்கும் அதிகாரம் இல்லை என்று 2025 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. ஆயுதம் போனதா இல்லையா என்ற கேள்விக்குள்ளேயே அது நுழையவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று எல் ஃபாஷர் விழுந்தது. அப்போதுதான் சூடான் எங்கள் முதல் பக்கத்துக்கு ஏறியது. "அடுத்து இவர்கள் என்ன செய்வார்கள் சார், அதை வைத்து ஒரு அலசல் எழுதட்டுமா?" என்று டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான். ஒன்றரை வருடம் முற்றுகை போட்ட படைக்கு டீசலும் குண்டும் எந்த எல்லை வழியாக வந்தன, அதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, தங்கச் சுரங்கங்கள் யார் கையில் இருக்கின்றன என்று முதலில் எழுது, அப்புறம் பார்க்கலாம் என்றேன். முகம் சுண்டிப்போனான். காப்பி லேட்டாகத்தான் வந்தது. மற்ற பக்கங்களையெல்லாம் முடித்துவிட்டு அதற்காகக் காத்திருந்து போட்டோம்.