தைவானின் 11 நாள் எரிவாயு

தைவான் என்றாலே பேச்சு சீனாவின் ஏவுகணைக்கும், அமெரிக்கா உதவிக்கு வருமா என்பதற்கும் போய்விடுகிறது. எனக்குப் பெரிய கவலை எல்என்ஜி, அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, இருக்கும் தொட்டிகள்தான். தீவின் மின்சாரத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இயற்கை எரிவாயுவில் தயாராகிறது. அந்த எரிவாயு ஏறக்குறைய முழுக்கக் கப்பலில் வருகிறது. கையிருப்பு விதி 11 நாள் தேவைக்கு. 2027இல் அதை 14 ஆக்கத் திட்டம்.

அந்த 11ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்என்ஜி மைனஸ் 162 டிகிரியில் கிடக்கும் திரவம். தொட்டி சூடேறாமல் இருக்க அடியில் கொஞ்சம் எப்போதும் விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு வெப்பக்காப்பு போட்டாலும் தினமும் சிறிது ஆவியாகும். ஏசி ஓடும் ஆகஸ்டில் செலவு சராசரியைத் தாண்டும். நிலக்கரியைப் போல முற்றத்தில் குவித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வழியில்லை.

ஆண்டு இறக்குமதி 2 கோடி டன்னுக்கு மேல். 1,70,000 கன மீட்டர் கப்பல் ஒன்று சுமார் 75,000 டன் கொண்டுவரும். அப்படியானால் வாரத்துக்கு ஐந்து கப்பலாவது வந்து சேர வேண்டும். யுங்-ஆன், தைச்சுங், தாவ்யுவான் என இறக்கும் முனையங்கள் இருப்பதோ சீனாவைப் பார்த்த மேற்குக் கரையில்.

இந்த வரத்தைத் தடுக்கச் சீனாவுக்கு முழு முற்றுகை தேவையே இல்லை. "சோதனை" என்று சொல்லிச் சீனக் கடலோரக் காவல்படை நாலு கப்பலை நிறுத்தினால் போதும். போர் அபாயக் காப்பீட்டுப் பிரீமியம் எகிறும். கப்பல்காரர்கள் தைவான் பக்கம் வரவே யோசிப்பார்கள். 2022 ஆகஸ்டில் அப்போதைய அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி வந்துபோனதும் சீனா தைவானைச் சுற்றி 6 பகுதிகளில் ராணுவப் பயிற்சி அறிவித்தபோது, குண்டு எதுவும் படாமலே கப்பல்கள் வழிமாறிப் போயின.

இந்த நிலையில்தான் 2025 மே 17 அன்று மான்ஷான் அணுமின் நிலையத்தின் கடைசி உலையும் மூடப்பட்டது. அந்த வகை உலையில் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 18 மாதம் ஓடும். நிலநடுக்கப் பயமும் கழிவுப் பிரச்சினையும் உண்மையானவை, மறுக்கவில்லை. ஆனாலும் மூடியது தவறு என்றே நினைக்கிறேன். ஆகஸ்ட் 23 பொது வாக்கெடுப்பில் மீண்டும் திறக்க ஆதரவாக 43 லட்சம் பேர் வாக்களித்தார்கள். தேவைப்பட்டது சுமார் 50 லட்சம்.

இனித் தொட்டி கட்டினாலும் வருடங்கள் ஆகும். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பற்றாக்குறை வந்தால் யாருக்கு முதலில் மின்சாரம் வெட்டப்படும் என்ற வரிசையை வெளிப்படையாக அறிவிப்பது. சிப் ஆலையில் நொடி நேரம் மின்சாரம் தடுமாறினாலே தயாரிப்பில் இருக்கும் வேஃபர்கள் (சிப்கள் உருவாகும் சிலிக்கான் தகடுகள்) வீணாகலாம். ஆலையா, மருத்துவமனையா, குடிநீர் பம்பா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும்.