கிராண்ட் கேன்யனுக்குப் பதிலாகப் பிஸ்மோ கடற்கரை

2022 ஜூனில் அமெரிக்காவில் ஒரு கேலன் பெட்ரோலின் சராசரி விலை 5 டாலரைத் தாண்டியது. எங்கள் கலிஃபோர்னியாவிலோ 6 டாலருக்கும் மேல். சான் ஹோசேயிலிருந்து, நாங்கள் சுற்றுலா போக நினைத்திருந்த அரிசோனாவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குச் சென்று திரும்ப ஏறத்தாழ 1,600 மைல் ஆகும். வாடகைக்குப் பேசியிருந்த மோட்டார் ஹோம் (படுக்கை, சமையலறையோடு கூடிய வீடு போன்ற வண்டி) கேலனுக்கு 8 மைல்தான் ஓடும் என்பதால், பெட்ரோலுக்கு மட்டும் 1,200 டாலர் வேண்டும் என்று மனைவி மளிகை ரசீதின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஏசிக்கான ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும் என்பதை நான் சொல்லவில்லை.

ஆகவே 200 மைலுக்குள் இருக்கும் பிஸ்மோ கடற்கரைக்குச் சென்று, மின் இணைப்புள்ள இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, நான்கு நாளும் சாவியைத் தொடாமல் இருந்தோம். ஒப்படைக்கும் முன் டேங்கை நிரப்பியபோது டேங்க் நிரம்பும் முன்பே, கார்டுக்கான வரம்பு காரணமாகப் பம்ப் 125 டாலரில் தானாகவே நின்றுவிட, கார்டை மீண்டும் இருமுறை செருக வேண்டியிருந்தது.