சாட்சி சொல்வீங்களா சார்?

அவதூறு வழக்குப் போட்டால் சாட்சி சொல்வீர்களா என்று எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் அண்ணன் கேட்டதற்கு, "சம்மன் வந்தா வருவேன்ணா" என்றுதான் சொன்னேன். சட்டப்படி அதில் தப்பே இல்லை. ஆனாலும் அவர் "சரிங்க சார்" என்று எழுந்து போனதிலிருந்து அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஸ்டோர்ஸில் துணி ரோல் கணக்கு இடிக்கிறது என்று சூப்பர்வைசர் மேனேஜருக்கு மெயில் போட்டார். அதோடு நின்றிருந்தால் அவரை யாரும் கேட்க முடியாது. அதிகாரம் உள்ளவரிடம் நல்லெண்ணத்தோடு புகார் சொல்வது அவதூறு ஆகாது என்று சட்டமே விலக்குக் கொடுக்கிறது. ஆனால் அன்று இரவே டிஸ்பாட்ச் வாட்ஸ்அப் குழுவில், "ஸ்டோர்ஸ்காரர் மாடி எடுத்தது எந்தத் துணியிலன்னு கேளுங்க" என்று போட்டார். அந்த விலக்கு இதற்குப் பொருந்துமா?

விசாரித்ததில், நைட் ஷிப்டில் கட்டிங்குக்கு எடுத்த ரோல்களை யாரும் பதியவில்லை என்று தெரிந்தது. சூப்பர்வைசருக்கு ஒரு மெமோ. 'அண்ணன் மேல் தவறில்லை' என்று குழுவில் ஒரு வரி போடலாமே என்றேன். முடிந்ததைக் கிளற வேண்டாம் என்றது நிர்வாகம்.

அப்புறம்தான் அண்ணன் ஸ்கிரீன்ஷாட்டோடு எச்.ஆர். அறைக்கு வந்தார். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவதூறுக்கு 2024 ஜூலை 1 முதல், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு. இரண்டு வருடம் வரை வெறுங்காவல் (கடின வேலை இல்லாத சிறை), அல்லது அபராதம், அல்லது இரண்டும், இல்லையென்றால் சமூக சேவை. போலீஸ் நேராக எஃப்.ஐ.ஆர். போடாது, பாதிக்கப்பட்டவர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். நஷ்ட ஈடு கேட்பதென்றால் சிவில் வழக்கு, அதற்கு ஒரே வருடம்தான் கெடு. முதலில் வக்கீல் நோட்டீஸ் விட்டு மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம். குழுவில் மெசேஜை அழித்துவிட்டார்கள். உங்கள் போனை மாற்றிவிடாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டைக் கோர்ட்டில் காட்ட அதற்கொரு சான்றிதழ் வேண்டியிருக்கும் என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "குழுவுல நீங்களும் இருந்தீங்க. சாட்சி சொல்வீங்களா சார்?"

நான் எச்.ஆர்.; ஒரு பக்கம் சாய்ந்தால் நாளைக்கு யார் என்னிடம் புகாரோடு வருவார்கள்? இது சாக்கு இல்லை, என் வேலையே அதுதான். ஆனால் தயங்கியதற்கு அது மட்டுமே காரணமா என்று தெரியவில்லை. அவதூறு வழக்கில் கூண்டேறும் சாட்சியிடம் பெரும்பாலும் வரும் கேள்வி ஒன்று உண்டு: இதைப் படித்த பிறகு இவரைப் பற்றிய உங்கள் எண்ணம் மாறியதா? அன்று இரவு அந்த வரியைப் படித்ததும் அவர் கட்டிய மாடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. மகளின் சீட்டுப் பணமும் கூட்டுறவு சங்கக் கடனும் சேர்த்துக் கட்டியது என்று தெரிந்திருந்தும் ஞாபகம் வந்தது. அதை அவர் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது? இத்தனைக்கும் அவர் வழக்குக்கு அதைவிட வலுவான சாட்சி வேறு கிடையாது.

இப்போது அவர் மதியம் கேன்டீனுக்கு வருவதில்லை, ஸ்டோர்ஸிலேயே சாப்பிடுகிறார். வழக்கைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. சிவில் வழக்குக்கான வருடம் இன்னும் முடியவில்லை. நானாகப் போய் "வரேன்ணா" என்றால் விட்டதை மறுபடி தூண்டிவிட்டவன் ஆவேனோ, சும்மா இருந்தால் கெடு தாண்டும் வரை காத்திருந்தவன் ஆவேனோ, தெரியவில்லை.