சிவதாபுரம், மார்கழிக் கை

டிசம்பர் 14
விரல் மடங்க எட்டரை மணி ஆகிவிட்டது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தேன்.

டிசம்பர் 15
ஞாயிறு மாத்திரை. முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்ஸேட், வாரம் ஒரு நாள்தான். அத்தை தினமும் மறதியாய் எடுத்து நீட்டுகிறார் என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவியைத் திருப்ப மகனைக் கூப்பிடணும். நல்ல கூத்து.

டிசம்பர் 17
பிசியோதெரபி. சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். வீங்கின மூட்டை வைத்துக்கொண்டு பந்தை அமுக்கினால் தேயாதா?

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அக்கா, இங்கிலாந்துல 490 பேர வெச்சுப் பாத்தாங்க. 2015ல லான்செட்ல வந்துச்சு. மருந்தோட இந்தப் பயிற்சியும் செஞ்சவங்களுக்கு ஒரு வருசம் கழிச்சும் கை நல்லா வேலை செஞ்சுதுங்க." வலி குறைஞ்சுதா என்றேன். அதில் பெரிய வித்தியாசம் இல்லையாம். ஆனால் கூடவும் இல்லையாம். பொய் சொல்லாதது பிடித்தது.

அசைவுக்கு ஏழு பயிற்சி, பலத்துக்கு நாலு. உள்ளங்கையை மேசையில் பதித்து, ஆள்காட்டி விரலில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கட்டைவிரல் பக்கம் நகர்த்தணும். என் விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டன, அதற்குத்தான். மோதிரவிரல் அசையவே இல்லை. மேசையில் ஒட்டினது மாதிரி கிடந்தது. முறைத்துப் பார்த்தேன். துளி நகர்ந்தது.

டிசம்பர் 18
கொலுசுப் பட்டறையில் என் இடத்தில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாளாம்.

டிசம்பர் 20
மகள் கொலுசில் திருகாணி கழன்றுவிட்டது. எத்தனை ஜோடிக்கு மாட்டிய கை! அரை மணி நேரம். கடைசியில் அவளே போட்டுக்கொண்டாள்.

டிசம்பர் 22
மாத்திரை. குமட்டல். பயிற்சி நோட்டில் ஒன்றும் எழுதவில்லை.

டிசம்பர் 23
பயிற்சி எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நோட்டில் எண் போடணுமாம். மாமியார் எதிரில் செய்தால் ஒன்று, தனியாகச் செய்தால் ஒன்று. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நொச்சித்தழை வெந்நீரில் கையை வைத்த பிறகு செய்தால் இலகுவாக இருக்கிறது. அத்தை யோசனைதான். அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 26
மணிக்கட்டு வீக்கம். பிசியோதெரபிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். வீக்கம் வடிகிற வரை பலப் பயிற்சியைக் குறைச்சுக்கங்க, அசைவை மட்டும் விட்டுடாதீங்க என்றாள். பந்து அலமாரியில்.

புதுப் பெண் சலங்கையைக் கோணலாக வைக்கிறாளாம். சந்தோஷமாக இருந்தது.

டிசம்பர் 29
மாத்திரை. முதலாளி பேசினார், பொங்கல் ஆர்டர் குவிந்திருக்கிறதாம். பாதி நாள் வரட்டுமாண்ணா என்றேன். கை எப்படி இருக்கு என்று கேட்டார். திருகாணி வேலை மட்டும் வேண்டாம், மற்றது செய்கிறேன் என்றேன்.

டிசம்பர் 30
யோசித்துச் சொல்கிறாராம். பந்தை எடுத்தேன். ஐந்துக்கு மேல்…